மழைக்காட்டுக்குள் இறங்க: டிக்கலா, ஆர்னாக்கா?

இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில், ரப்பர் பால்வெட்டு நிற்கும் நாட்களில் வீட்டோடு உட்கார்ந்து ஆட இந்த இரண்டு பலகை விளையாட்டுகளுமே அருமை. ஆனால் ஆட்டத்தின் ருசி வேறு.

டிக்கல் 1999-இல் வந்தது. குவாத்தமாலாக் காட்டில் மாயன் கோயில்களைத் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அறுகோணத் துண்டை வைத்துக் காட்டைத் திறக்கிறீர்கள். அப்புறம் செலவழிக்க 10 புள்ளிகள். துண்டுகளின் ஓரத்தில் எத்தனை கல்லோ, ஆளை நகர்த்த அத்தனை புள்ளி. கோயிலில் ஓர் அடுக்கு தோண்ட 2, காவல் வைக்க 5. எரிமலைத் துண்டு வந்தால் மதிப்பெண் கணக்கு. அந்த நேரம் பார்த்து எதிராளி ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்திக் கோயிலைத் தட்டிக்கொண்டு போவார். அந்தப் பதற்றம்தான் டிக்கல்!

2020-இல் வந்த 'லாஸ்ட் ரூயின்ஸ் ஆஃப் ஆர்னாக்' கற்பனைத் தீவு. ஆளுக்கு 2 ஆய்வாளர்கள், 5 சுற்றுகள். புது இடத்தைத் திறந்தால் காவல் மிருகம் நிற்கும். அதை வெல்லாமல் திரும்பினால் பய அட்டை கையில் சேரும். ஆராய்ச்சிக்குத் தனிப் பாதை உண்டு: பூதக்கண்ணாடிக் காய் முன்னே போகும், குறிப்பேட்டுக் காய் அதைத் தாண்ட முடியாது. தனியாகவும் ஆடலாம்.

ஆராய்ச்சிதான் பிடிக்கும் என்றால் ஆர்னாக். நம்மூர் ஈரத்தில் அட்டைகள் வளையும், உறை போட்டே வையுங்கள். கரண்டு போனால் அதன் பொடிச் சின்னங்கள் தெரியாது. நாலு பேர் கூடினால் நான் எடுப்பது டிக்கல்.