பொங்கல் வாழ்த்து அட்டைக்கு லினோவா, செப்புத் தகடா?

தை பிறக்க ஐந்து வாரம் இருக்கும்போதே காகிதம் வாங்கச் சென்னை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்விடுவேன். சொந்தக்காரர்களுக்கு நானே செதுக்கி அச்சடித்த பொங்கல் வாழ்த்துதான் போகும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, லினோவில் செதுக்குவதா, செப்புத் தகட்டில் ஊசியால் கீறுவதா என்பதுதான்.

லினோ என்பது ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்து சணல் துணிமேல் படியவைத்த விரிப்பு. மொட்டைமாடி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும், உளி சுகமாக ஓடும். செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும், மேடான இடம்தான் மை பிடிக்கும். அதனால் கோலத்துக்கு இதைவிட்டால் வேறில்லை: இழையை மட்டும் செதுக்கினால், செம்மண் நிற மைக்கு நடுவே மாக்கோலம் அப்படியே எழுந்து வரும். இயந்திரமும் வேண்டாம், மெல்லிய காகிதத்தை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும். ஒரே கட்டையில் நாற்பது அட்டை தாராளமாக அடிக்கலாம். பிறகு அச்சின் மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி, மடித்த கெட்டி அட்டையில் ஒட்டிவிடுவேன்.

ஆனால் பாட்டியின் முகச் சுருக்கத்தை லினோவில் கொண்டுவர முயன்று நான் தோற்றிருக்கிறேன். அதற்குச் செப்புத் தகடுதான். ஊசி கீறும்போது கோட்டின் ஓரத்தில் பிசிறு எழும். மை அதில் தங்குவதால் கோடு வெல்வெட் போலப் பதியும். அச்சு இயந்திரத்தின் உருளை அழுத்த அழுத்தப் பிசிறு மழுங்குவதால், பத்து இருபது பிரதிகளிலேயே கோடு வெளிறத் தொடங்கிவிடும். ஈரப்படுத்திய தடித்த பருத்திக் காகிதமும் அழுத்தும் இயந்திரமும் வேண்டும். வீட்டில் அதற்கு வழியில்லை. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் இருப்பது போன்ற அச்சுக்கலைப் பட்டறையைத்தான் நாட வேண்டும். ஊசியால் கீறுவதற்குப் பதில், செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் கோடுகளை அரிக்கவைத்த தகடு இன்னும் அதிகப் பிரதி தாங்கும். ஆனாலும் அந்தக் கரைசலை அடுக்குமாடி வீட்டின் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனம் வராது.

ஸ்கேன் செய்து கடையில் அடித்துக்கொள்ளலாமே என்பார்கள். தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதித்த பள்ளம் அதில் விரலுக்குத் தட்டுப்படாது. எனக்கு அது சரிப்படாது.

எதில் செய்தாலும் எழுத்தைத் திருப்பித்தான் செதுக்க வேண்டும். ‘வாழ்த்து’ என்று பட்டர் பேப்பரில் எழுதிக் கவிழ்த்துப் படியெடுங்கள், அப்புறம் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். ‘ழ’வின் வாலில்தான் கை தவறும்.

எண்ணெய் மை மார்கழி ஈரத்தில் லேசில் காயாது. ஒருமுறை மூன்றாம் நாளே அடுக்கிவைத்து, பதினைந்து அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இப்போதெல்லாம் கொடியில் கிளிப் போட்டு ஒரு வாரம் தொங்கவிடுகிறேன்.

இந்த முறை கோலம் நாற்பதும் லினோவில். பெரியத்தைக்கும் இன்னும் நான்கு பெரியவர்களுக்கும் மட்டும் பாட்டி முகம், செப்புத் தகட்டில். ஓரத்தில் பென்சிலால் 1/5 என்று போட்ட முதல் பிரதி பெரியத்தைக்கு.