எதையும் மாற்றும் முன் அளந்து பார்க்கும் பட்டறை: பைபாஸ் ரோடு ஆட்டோ எலக்ட்ரீஷியன்

காரில் ஒயரிங் கோளாறு என்று போனால், முதலில் பல்பை மாற்றுவது, பிறகு ரிலேயை மாற்றுவது, அதற்கும் சரியாகவில்லை என்றால் பேட்டரியின் மேல் பழியைப் போடுவது என்பதே மதுரையில் நான் பார்த்த பல பட்டறைகளின் வழக்கம். பழங்காநத்தத்திலிருந்து காளவாசல் செல்லும் பைபாஸ் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், இரண்டு கார்கள் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை இந்த வழக்கத்துக்கு முற்றிலும் மாறாக, ஸ்பேனரைத் தொடும் முன் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கிறது.

எங்கள் பழைய காரில் இடப்பக்க ஹெட்லைட் மங்கலாக எரிந்தது. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் அதுவும் சேர்ந்து துடித்தது. இரவில் திருமங்கலம் நான்குவழிச் சாலையில் இப்படி ஓட்டுவது ஆபத்து. வேறொரு பட்டறையில் பல்பை மாற்றிப் பார்த்துவிட்டு, ஹெட்லைட்டையே முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கே உள்ள எலக்ட்ரீஷியன், இண்டிகேட்டரோடு ஹெட்லைட் துடிக்கிறது என்று கேட்டவுடனேயே எர்த்தை, அதாவது கரண்ட் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைச் சந்தேகித்தார். ஆனால் அதை மீட்டர் உறுதிப்படுத்தும்வரை எந்த போல்ட்டையும் கழற்றவில்லை. ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், சிவப்பு முனையைப் பல்பின் எர்த் பின்னிலும் வைத்தார். எர்த் பாதையில் இழக்கும் மின்னழுத்தமாக 1.8 வோல்ட் காட்டியது. வலப்பக்கத்தில் அதே அளவீடு 0.1 வோல்ட்டுக்கும் கீழே இருந்தது. நல்ல எர்த் என்றால் லோடு ஓடும்போது, அதாவது பல்பு எரிந்து கரண்ட் பாயும்போது, அவ்வளவுதான் இருக்க வேண்டும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும் என்பதால், 1.8 வோல்ட் இழப்பு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து சிவப்பு முனையைப் படிப்படியாக நகர்த்தினார். எர்த் ஒயரின் கடைசியில், பாடியோடு முடுக்கப்படும் உலோக முனையான லக்கில் வைத்தபோதும் இழப்பு பெரிதாகக் குறையவில்லை. அதிலிருந்து ஒரு விரல் தள்ளி, சுரண்டிய பாடித் தகட்டில் வைத்ததும் எண் சட்டென்று விழுந்தது. கோளாறு அந்த ஒரு விரல் இடைவெளியில், லக்குக்கும் தகட்டுக்கும் நடுவே படிந்த துருவில் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்து, வாசலின் தடவி முடுக்கிய பிறகு 0.07 வோல்ட். பழைய ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது.

முந்தைய பட்டறையில் அதே ஒயரை, இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மீட்டரின் கன்டினியூட்டியில் வைத்து, ‘பீப்’ சத்தம் வந்ததால் நல்ல ஒயர் என்று விட்டிருந்தார்கள். அதைச் சொன்னபோது இவர், “சத்தம் வந்துருச்சுங்கிறதுக்காக ஒயரை நம்பிறக் கூடாது சார், லோடு குடுத்துப் பாக்கணும்” என்றார். இது முழு உண்மை. ஒயருக்குள் ஒரே ஓர் இழை அறுபடாமல் இருந்தாலும் மீட்டர் சத்தம் கொடுக்கும். ஆனால் 60 வாட் பல்புக்குத் தேவையான 5 ஆம்பியரை அந்த ஓர் இழை தாங்காது.

அவர் வேலை செய்யும் விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒயரின் தோலை எங்கேயும் குத்தாததுதான். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செலுத்தி அளக்கிறார். குத்திய ஓட்டை வழியே ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கினால், உள்ளே செம்பு பச்சை பூத்து, அடுத்த ஆண்டு அதுவே புதிய கோளாறாக வரும்.

பேட்டரியையும் பார்க்கச் சொன்னேன். ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14.2. பேட்டரி நன்றாக இருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். நிறுத்தி வைத்த காரில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்க, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி நெகட்டிவ் கேபிளோடு தொடராக இணைத்தார். கதவுகளைப் பூட்டி அரைமணி நேரம் காத்திருந்த பிறகு, கசிவு வழக்கமாக ஏற்கப்படும் 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றது. அளந்த கையோடு ஒயரைப் பழைய துளைக்கே மாற்றிவிட்டார். மறந்துபோய் அப்படியே பேட்டரியில் வைத்தால் மீட்டரே ஷார்ட் ஆகும்.

மொத்தக் கூலி 450 ரூபாய், லக்கும் சேர்த்து. அச்சிட்ட பில் கிடையாது. துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார், அதில் அளவீடுகளையும் குறிக்கச் சொன்னால் குறித்துத் தருகிறார். உட்கார இடமில்லை என்பது பெரிய குறை. வெயில் காலத்தில் முதியவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போகும்படி அவரே அனுப்பிவிடுகிறார். கசிவுச் சோதனை வேண்டுமானால் காலையிலேயே காரை விட்டுவிட்டு வருவது நல்லது. மாலையில் ஆட்டோக்களும் வேன்களும் வரிசை கட்டி நிற்பதால் அந்த அரைமணிக் காத்திருப்புக்கு இடம் கிடைக்காது.