சின்ன ஆஸ்பத்திரிக்கு எது முதலில்: பிஎல்டிசி ஃபேனா, சோலாரா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் நர்சிங் ஹோம் நடத்துகிறவர்கள் கரண்ட் பில்லைக் குறைக்க சோலார் போட நேராக மொட்டை மாடிக்குத்தான் போகிறார்கள். நான் முதலில் வார்டை அண்ணாந்து பார்க்கச் சொல்வேன்.

பழைய ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேன், அதே வேலையை 30 வாட்டில் முடித்துவிடும். வார்டில் இரவு பகலாக ஓடும் 40 ஃபேனை மாற்றினால் நாளுக்கு 43 யூனிட் வரை மிச்சம். அவ்வளவு கரண்ட் எடுக்க 10 கிலோவாட் சோலாராவது வேண்டும். செலவு பல மடங்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உற்பத்தியும் படுத்துவிடும்.

இன்னொன்று: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்து ஓடும் ஆன்கிரிட் சோலார், லைன் போனால் தானும் நின்றுவிடும். 2018 கஜா புயலில் நாள்கணக்கில் இருண்டு கிடந்த ஊர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். பிஎல்டிசி என்றால் இருக்கிற இன்வெர்ட்டரே கூடுதல் நேரம் தாங்கும்.

பகலில் ஓடும் ஏசிக்கு சோலார் அருமைதான். ஃபேனை மாற்றிவிட்டு சோலாருக்கு அளவெடுங்கள், சின்ன பேனலே போதும்.