உட்கரு மாதிரி: உறை அருமை, துளைதான் வெறும் ஓட்டை

வேலூர் லாங்கு பஜாரில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் ஃபைபரில் செய்த, செல்லின் உட்கரு மாதிரியை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். 2,100 சொன்னார், பள்ளிக்கூடத்துக்கு என்றதும் இறங்கி வந்தார். குடியாத்தம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

பாதியாக அரிந்த முலாம்பழம் போன்ற உருண்டை. இரட்டை உறைக்கு இரண்டு நிறம். உள்ளே இருக்கும் சின்ன உருண்டையான நியூக்ளியோலஸைக் கழற்றி மாட்டலாம். சாயம் கையில் ஒட்டவில்லை. கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற அளவு.

குறையெல்லாம் துளைகளில்தான், அதாவது உட்கருவுக்கு உள்ளும் வெளியும் பொருள்கள் போய்வரும் வாசல்களில். உறை முழுக்க டிரில் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். இடியாப்ப அச்சு தோற்றது போங்கள். மறுபடி போய்க் கேட்டால், "துளை என்றால் ஓட்டைதானே டீச்சர்?" என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது, பெயரே அப்படி. ஆனால் மனித செல்லில் ஒவ்வொரு துளையும் சுமார் 30 வகைப் புரதங்கள், ஏறத்தாழ 1,000 மூலக்கூறுகளாகச் சேர்ந்து, எட்டு ஒரே மாதிரிப் பகுதிகளாகக் கட்டிய வளையம். ஓர் உட்கருவில் அப்படிச் சில ஆயிரம். செல் பகுப்பின்போது அத்தனையும் கழன்று, பகுப்பு முடிகிற நேரத்தில் மறுபடி கூடுகின்றன. டிரில் ஓட்டையை எப்படிக் கழற்றிக் காட்டுவது?

ஓர் ஓட்டையைப் பெரிதாக்கி, அதற்கு அட்டையில் 8 துண்டு வெட்டினேன். துண்டின் ஓரங்களில் சின்னக் காந்தங்கள். வைத்தால் வளையமாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த கடையில் ஒரு அட்டை கல் பொட்டு. பொட்டுதான் பாஸ்பேட், துளைப் புரதங்களில் ஏறி அவற்றின் பிடியைத் தளர்த்தும் வேதித் தொகுதி. பாஸ்பேட்டை ஏற்றும் சிடிகே1, பிஎல்கே1 என்ற கைனேஸ் நொதிகளாக இரண்டு மாணவிகள் வந்து காந்தத்தின்மேல் பொட்டு ஒட்டினார்கள். ஒன்றிரண்டுக்கு வளையம் அசையவில்லை. ஏழெட்டு ஒட்டிய பிறகு பொலபொலவென்று உதிர்ந்தது. நிஜத்திலும் நப்98 என்ற துளைப் புரதத்தில் பல இடங்களில் பாஸ்பேட் ஏறுகிறது என்று சொல்ல, இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. பிறகு பாஸ்பேட்டை நீக்கும் பிபி1, பிபி2ஏ என்ற பாஸ்பட்டேஸ் நொதிகளின் முறை. ஒருத்தி பொட்டுகளை உரித்து, பழக்கதோஷத்தில் கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டிவைத்தாள். துண்டுகள் டக்கென்று சேர்ந்துகொண்டன.

"கட்ட வேண்டிய இடம் துண்டுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அதற்கு ரான் என்ற நொதியைக் காட்ட வேண்டும். இம்போர்ட்டின் என்ற புரதம் துளைப் புரதங்களைப் பிடித்துவைத்திருக்கும். டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த குரோமட்டின் அருகே ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறை ஏந்திய ரான் வந்து அந்தப் பிடியை விடுவிக்கும். இந்த மாதிரியிலோ குரோமட்டினைப் பசைபோட்டு உள்ளேயே ஒட்டிவிட்டார்கள். கரும்பலகையில் வரைந்துதான் சமாளித்தேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு இது தாராளம். பதினோராம் வகுப்புக்கு வாங்குபவர்கள் காந்தமும் பொட்டும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். துளை போடாத உருண்டை ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வரும் என்கிறார், 100 ரூபாய் குறைப்பாராம்.