வீட்டுத் தொலைபேசிக்கு ஓர் அழைப்புத் தடுப்பான்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

தரைவழித் தொலைபேசிக்கும் சுவரில் உள்ள சாக்கெட்டுக்கும் நடுவே பொருத்தப்படும் அழைப்புத் தடுப்பான் பெட்டிகள் இப்போது பல பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஒரு சிறிய திரை, சில பொத்தான்கள், கம்பி செருகும் இரண்டு துளைகள்: பெரும்பாலானவற்றின் புறத்தோற்றம் இவ்வளவுதான். என் பெற்றோர் வீட்டில், எண்களைத் தடைசெய்ய மட்டுமே தெரிந்த எளிய மாதிரி ஒன்றையும், அழைப்பவரை முதலில் விசாரித்துவிட்டுப் பிறகே மணியடிக்க விடும் மாதிரி ஒன்றையும் அடுத்தடுத்து ஒரே இணைப்பில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். முன்னதால் சொல்லிக்கொள்ளும்படியான பயன் இல்லை. பின்னதை, வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டுக்கும் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். பெட்டியின் மேல் அச்சிடப்படும் விளம்பர வாசகங்களைப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கைபேசி கையிலேயே இருக்கிறது; தெரியாத எண் என்றால் பார்த்த மாத்திரத்தில் துண்டித்துவிடலாம். வீட்டுத் தொலைபேசி அப்படியல்ல. மூட்டுவலியோடு இருக்கும் என் அம்மா ஒவ்வொரு மணிக்கும் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு நடந்து வருவார். வந்து எடுத்தால் கடன் வேண்டுமா என்றோ காப்பீடு வேண்டுமா என்றோ பதிவுசெய்யப்பட்ட குரல் ஒன்று பேசத் தொடங்கும். எடுக்காமல் விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிது; மருத்துவமனையிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ வரும் அழைப்பும் அதே மணியோசையில்தான் வருகிறது. இணைப்பையே துண்டித்துவிடலாம் என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. பல ஆண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த எண் அது. கைபேசியைவிட அந்தப் பழைய ரிசீவரில்தான் அவருக்குக் குரல் தெளிவாகக் கேட்கிறது. அவருடைய விருப்பத்தை மாற்றாமல் தொல்லையை மட்டும் நீக்கும் ஒரு பொருளைத்தான் தேட வேண்டியிருந்தது.

பேசாமல் துண்டிக்கப்படும் அழைப்புகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் முதியவர்களை மிகவும் அச்சுறுத்துபவை அவைதாம். ரிசீவரை எடுத்து இரண்டு முறை ஹலோ சொன்ன பிறகும் மறுமுனையில் சத்தமே இருக்காது. பிறகு ஒரு சிறு சொடுக்கொலி கேட்டு இணைப்பு அறுந்துவிடும். வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று திருடர்கள் நோட்டம் பார்க்கிறார்களோ என்று என் அப்பா கவலைப்பட்டதுண்டு. பெரும்பாலும் காரணம் அதுவன்று. தொலைபேசி வழியே விற்பனை செய்யும் அழைப்பு மையங்களில் உள்ள கணினி, அங்கே அமர்ந்திருக்கும் பணியாளர்களின் எண்ணிக்கையைவிட அதிகமான வீடுகளை ஒரே நேரத்தில் அழைக்கிறது. எல்லாரும் எடுக்கமாட்டார்கள் என்ற கணக்கில் இயங்கும் அந்த இயந்திரம், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான பேர் எடுத்துவிட்டால், பேச ஆள் இல்லாத இணைப்புகளைக் கைவிட்டுவிடுகிறது. அமெரிக்க விதிகளில் இதற்கென ஒரு வரம்பே இருக்கிறது: எடுத்தவர் வணக்கம் சொல்லி முடித்த 2 விநாடிகளுக்குள் விற்பனையாளரோடு இணைக்கப்படாத அழைப்பு கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும், மனிதர் எடுத்த அழைப்புகளில் இப்படிக் கைவிடப்படுபவை 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இதை அப்பாவுக்கு விளக்கிச் சொன்ன பிறகு அவருடைய அச்சம் வெகுவாகக் குறைந்தது. பெட்டி வாங்குவதற்கு முன்பே கிடைத்த நிம்மதி அது.

விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்பவர்களுக்காகச் சட்டப்படி இயங்கும் தடைப்பதிவேடுகளில் எண்ணைப் பதிவுசெய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 1999 முதலும், அமெரிக்காவில் 2003 முதலும், இந்தியாவில் 2007 முதலும் இத்தகைய பதிவேடுகள் நடைமுறையில் இருக்கின்றன. வேறு பல நாடுகளிலும் உண்டு. அவற்றில் பதிவுசெய்வதுதான் முதல் வேலை, அதைச் செய்யாமல் பெட்டி வாங்குவதில் பொருளில்லை. ஆனால் சட்டத்தை மதிக்கும் நிறுவனங்களை மட்டுமே பதிவேடு தடுக்கும். அமெரிக்கப் பதிவேட்டைப் போன்றவற்றில் அரசியல் கட்சிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் கருத்துக்கணிப்பு நடத்துபவர்களுக்கும் விலக்கும் இருக்கிறது. பதிவேட்டால் மறைமுகமான ஒரு பயனும் உண்டு: பதிவுசெய்து அது நடைமுறைக்கு வந்த பிறகும் எதையாவது விற்க முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தால், அவர் விதிகளை மதிக்காதவர் என்று முடிவுசெய்துகொள்ளலாம், அவரிடம் மரியாதைக்காகப் பேச்சை வளர்க்க வேண்டிய கட்டாயமில்லை. எங்கள் பட்டியலிலிருந்து உங்கள் எண்ணை நீக்க இன்ன இலக்கத்தை அழுத்துங்கள் என்று பதிவுசெய்த குரல் சொன்னாலும் அழுத்தக்கூடாது. இந்த எண்ணை ஒரு மனிதர் எடுக்கிறார் என்பதை அவர்களுக்கு உறுதிப்படுத்துவதைத் தவிர அதனால் வேறொன்றும் நடப்பதில்லை.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். பொருத்துவதற்குத் தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை. சுவரிலிருந்து வரும் கம்பியைப் பெட்டியில் செருகி, பெட்டியிலிருந்து மற்றொரு கம்பியைத் தொலைபேசிக்குக் கொடுத்தால் முடிந்தது. எளிய மாதிரிக்குத் தனி மின்சாரம் வேண்டாம். தொலைபேசிக் கம்பியில் இருக்கும் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தமே அதற்குப் போதும். விசாரிக்கும் மாதிரி அடாப்டரோடு வருகிறது. அதே கம்பியில் இணைய இணைப்பும் வருகிறது என்றால், மோடத்துக்குச் செல்வதைப் பிரித்துக் கொடுக்கும் ஃபில்டருக்குப் பின்னால், தொலைபேசி இருக்கும் பக்கத்தில்தான் பெட்டியைப் பொருத்த வேண்டும். இந்த விவரம் கையேட்டில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது.

அதைவிட முக்கியமான நிபந்தனை காலர் ஐடி. அழைக்கும் எண்ணைத் தொலைபேசி நிலையம் கம்பி வழியே அனுப்பினால்தான் பெட்டியால் எதையும் முடிவுசெய்ய முடியும். அந்தச் சேவை நம் இணைப்பில் இயங்கவில்லை என்றால் பெட்டி வெறும் பிளாஸ்டிக்தான். அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் இந்த எண் விவரம் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடைப்பட்ட அமைதியில் அனுப்பப்படுகிறது. சில நாடுகளில் முதல் மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. அனுப்பும் குறியீட்டு முறையும் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. ஒரு நாட்டுக்கென்று செய்யப்பட்ட பெட்டி மற்றொரு நாட்டில் எண்ணையே காட்டாமல் போவதற்கு இதுதான் காரணம். எளிய மாதிரியில், தடைசெய்யப்பட்ட எண்ணாக இருந்தாலும் முதல் மணி ஒருமுறை ஒலித்துவிட்டுத்தான் அடங்கியது. அந்த ஒரு மணிக்கும் அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துவிடுவார். விசாரிக்கும் மாதிரி முதல் மணியையும் தானே வாங்கிக்கொண்டு தொலைபேசிக்கு விடாமல் நிறுத்திவிடுகிறது. வாங்கும்போது இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

எளிய மாதிரியின் பெருமை முழுவதும் அதன் தடைப்பட்டியல்தான். ஆயிரக்கணக்கான எண்களைச் சேமிக்கலாம், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அந்த எண் மறுபடி வராது என்று விளம்பரம் சொல்கிறது. பொத்தானை அழுத்திய எண் மறுபடி வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் தொல்லை தருபவர்கள் ஒரே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பதில்லை. இணையவழி அழைப்புகளில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அழைப்பவரின் எண்ணாகக் காட்டிக்கொள்ள முடிகிறது. நம் எண்ணின் முதல் சில இலக்கங்களையே போட்டு, பக்கத்துத் தெருவிலிருந்து யாரோ பேசுவதுபோல நம்பவைப்பதும் நடக்கிறது. அப்படிப்பட்ட எண்ணைத் தடைசெய்தால், அந்த எண்ணுக்கு உண்மையான சொந்தக்காரர் ஒருநாள் அழைக்கும்போது அவரைத்தான் தடுத்தவர்கள் ஆவோம். ஒவ்வொரு நாளும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பட்டியல் நீண்டதே தவிர மணி ஓயவில்லை. எண்ணின் தொடக்க இலக்கங்களைக் கொண்டு மொத்தமாகத் தடுக்கும் வசதி மட்டும் ஓரளவு உதவும். இந்தியாவில் விளம்பர அழைப்புகளுக்கென்று 140 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டிருப்பதுபோல வேறுபடுத்தப்பட்ட வரிசை இருக்கும் இடங்களில் அந்த வரிசை முழுவதையும் ஒரே அமைப்பில் அடைத்துவிடலாம். ஒதுக்கிய வரிசையிலிருந்து அழைப்பவர்கள் ஒழுங்காக நடப்பவர்கள் என்பதால், மிச்சமிருக்கும் தொல்லை அப்படியேதான் இருக்கும்.

விசாரிக்கும் மாதிரி இதற்கு நேரெதிரான வழியில் இயங்குகிறது. யாரைத் தடுப்பது என்று கேட்காமல், யாரை விடுவது என்று கேட்கிறது. அனுமதிப் பட்டியலில் உள்ள எண் என்றால் தொலைபேசி வழக்கம்போல் மணியடிக்கும். பட்டியலில் இல்லாத எண் என்றால் பெட்டியே அழைப்பை ஏற்று, பதிவுசெய்த குரலில், தொடர்ந்து பேச விரும்பினால் இன்ன இலக்கத்தை அழுத்துங்கள் என்று சொல்லும். அழுத்தினால்தான் வீட்டில் மணியடிக்கும். பல வீடுகளை ஒருசேர அழைத்துக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு இந்தக் குரல் புரிவதில்லை. பணியாளரோடு இணைக்கப்பட்டாலும் அவர் நின்று கேட்டு அழுத்துவதைவிட அடுத்த எண்ணுக்குப் போவதையே விரும்புகிறார். எண் எவ்வளவு மாறினாலும், பட்டியலில் இல்லாத எந்த எண்ணைப் பொய்யாகக் காட்டினாலும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வர வேண்டும். பொருத்திய பின் வந்த அழைப்புகளைத் திரையில் பின்னோக்கிப் பார்த்தால், கேள்வியிலேயே நின்றுபோன எண்கள் வரிசையாகத் தெரிகின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு அவை வந்ததே தெரியாது. பொருளின் மதிப்பு முழுவதும் இந்த ஒரு வசதியில்தான் இருக்கிறது. இது இல்லாத பெட்டியை வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

இதற்கு உழைப்பு தேவைப்படுகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. அம்மாவின் பழைய தொலைபேசிக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, அடித்துத் திருத்தப்பட்ட எண்களில் எது இப்போதையது என்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, பெட்டியில் இருந்த அம்புக்குறிப் பொத்தான்களால் ஒவ்வோர் இலக்கமாக ஏற்றினேன். திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே எண்ணைப் பதிய வேண்டும்; பகுதிக் குறியீடு சேர்ந்து வருகிறது என்றால் குறியீட்டோடு பதியாவிட்டால் சொந்தப் பிள்ளையையும் பெட்டி விசாரிக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளில் எண் முழுமையாக வராமல் போவதும் உண்டு. ஆகவே நெருங்கியவர்கள் எல்லாரையும் ஒருமுறை அழைக்கச் சொல்லி, வந்த எண்ணைத் திரையிலிருந்தே அனுமதிப் பட்டியலில் சேர்ப்பதுதான் சிறந்த வழி. கையேடு இதைச் சொல்லவில்லை.

கேள்வி கேட்கும் குரலை நாமே பதிவுசெய்துகொள்ளலாம். அதில் அம்மாவின் குரலோ அப்பாவின் குரலோ வேண்டாம் என்று முடிவுசெய்து என் குரலைப் பதிந்தேன். தளர்ந்த குரல் ஒன்றைக் கேட்டால், இது முதியவர்கள் வீடு என்று மோசடிக்காரர்கள் தெரிந்துகொள்ள நாமே வழிசெய்தவர்கள் ஆவோம். பெயரையும் எண்ணையும் சொல்லாமல், அழுத்த வேண்டிய இலக்கத்தை மட்டும் நிதானமாகச் சொன்னால் போதும்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றில் ஒன்று உண்மையிலேயே கவலைக்குரியது. நல்ல காரணத்துக்காக இயந்திரம் அழைக்கும் அழைப்புகளும் கேள்வியில் நின்றுபோகின்றன. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளை நினைவூட்டும் தானியங்கி அழைப்பு, வங்கி குரல்வழியே சொல்லும் கடவு எண் ஆகியவற்றால் இலக்கத்தை அழுத்த முடியாது. மருத்துவமனையின் வரவேற்பு எண்ணை அனுமதித்திருந்தாலும், உள்ளே இருக்கும் வேறொரு பிரிவிலிருந்து அழைத்தால் வேறு எண் தெரியலாம். எண்ணை மறைத்து அழைக்கும் அலுவலகங்களும் உண்டு. மருத்துவமனையில் கேட்டு, அவர்கள் அழைக்கும் எண்கள் எல்லாவற்றையும் வாங்கிப் பதிவதும், தானியங்கி நினைவூட்டல்களைக் கைபேசிக்கு மாற்றச் சொல்வதும் அவசியம். எண் மறைக்கப்பட்ட அழைப்புகளை அடியோடு தடுக்காமல், விசாரிக்கும் வழியிலேயே விட வேண்டும். அதற்குரிய அமைப்பு பெட்டியில் தனியாக இருக்கிறது. திரையின் எழுத்துகள் முதியவர்கள் படிக்கும் அளவில் இல்லை. இலக்கத்தை அழுத்தத் தெரியாத வயதான உறவினர்கள் முதல் அழைப்பில் திகைத்துப்போகிறார்கள் என்பதால், அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

வேறு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லலாம். எண் புழக்கத்தில் இல்லை என்பதற்கான தொனியை ஒலித்து, அழைக்கும் இயந்திரத்தை ஏமாற்றும் கருவிகள் 2000-களின் தொடக்கத்தில் விற்கப்பட்டன. இன்றைய இயந்திரங்கள் அந்த ஒலியை நம்பியிருப்பதில்லை என்பதால் அவற்றைத் தேட வேண்டாம். அழைப்பவரின் எண் உண்மையானதா என்று தொலைபேசி நிறுவனங்களே சரிபார்க்கும் முறையை அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 2021-இல் நடைமுறைப்படுத்தின. அது இணையவழி வலையமைப்பில்தான் இயங்குகிறது, பழைய செம்புக் கம்பி இணைப்புகளுக்கு எட்டுவதில்லை. கைபேசிச் செயலிகள் பல நம் தொடர்புப் பட்டியலைத் தங்களிடம் எடுத்துக்கொள்கின்றன. இந்தப் பெட்டியோ பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எங்கும் அனுப்புவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள், முன்பின் தெரியாதவர்களின் அழைப்பை நம்பி இருப்பவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல. வீட்டுத் தொலைபேசி இணைய இணைப்பின் வழியாக வருகிறது என்றால், இதே விசாரிக்கும் வசதியைச் சேவை நிறுவனமே தருகிறதா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் கடையில் கேட்க வேண்டியவை: நம் நாட்டின் காலர் ஐடி முறையைப் பெட்டி புரிந்துகொள்ளுமா, பட்டியலில் இல்லாதவர்களை விசாரிக்குமா, முதல் மணியை அடக்குமா, மின்சாரம் போனாலும் பட்டியல் அழியாமல் இருக்குமா. தெளிவான பதில் கிடைக்காவிட்டால், திருப்பித் தரலாம் என்ற உறுதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வீட்டு இணைப்பில் பொருத்திச் சோதித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.