எழுத்து மாற்றிக்கான குறிப்பை எங்கே எழுதி வைப்பது? நோட்டு, பிடிஎஃப், ஷீட், மேப் ஃபைல்

சேலம் செவ்வாய்பேட்டையில் உள்ள எங்கள் டிடிபி கடைக்கு வரும் பழைய ஃபைல்களில் பெரும்பாலானவை பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் திருவிழா, குகை வண்டி வேடிக்கை என்று போன வருஷ நோட்டீஸைக் கொண்டுவந்து, "தேதியை மட்டும் மாத்திக் கொடுங்க" என்பார்கள். அப்புறம் ஊர்க்காரர்களின் கதை, கவிதைப் புத்தகங்கள். இவற்றை, இன்று ஃபோனும் இணையமும் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற டெக்கிட் வைத்திருக்கிறோம். மொழி ஆய்வு அமைப்பான எஸ்ஐஎல் வெளியிட்ட இலவசக் கருவி இது, ஸீடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் புத்தகம் கட்டுபவர்களுக்குப் பழக்கமானது. எந்தக் குறி எந்த எழுத்தாக மாற வேண்டும் என்பதை மேப் ஃபைல் ஒன்றில் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மேப் எழுதுவது பெரிய வேலையில்லை. ஒவ்வொரு விதியும் ஏன் அப்படி இருக்கிறது என்று அடுத்தவருக்குப் புரியும்படி எழுதிவைப்பதுதான் கஷ்டம். நான்கு வழிகளில் செய்து பார்த்துவிட்டோம்.

குறிப்பு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாமினியில் 'தமிழ்' என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அதற்கு ஓர் அட்டவணை போதும். ஆனால் 'சரி' என்ற சொல்லைச் ச, துணைக்கால், கொக்கி என்று அடித்திருப்பார்கள். ரி, ர் இரண்டிலும் ரகரத்தின் கீழ்ச்சாய்வு வராது என்பதால் ரகர விசையை விட்டுவிட்டுக் காலையே போடுவது வழக்கம். ஆகவே காலுக்குப் பின் கொக்கியோ புள்ளியோ வந்தால் அந்தக் கால் ரகரம்.

ஔகாரம் இன்னும் மோசம். பாமினியில் 'மௌனம்' என்பதன் முன்பாதியைக் கொம்பு, ம, ள என்றுதான் அடிப்பார்கள். 'தெளிவு' என்பதையும் கொம்பு, த, ள என்றுதான் தொடங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'தெளிவு' கெட்டு, 'தௌ' ஆகி அதன் பின்னால் கொக்கி மட்டும் தனியாகத் தொங்கும். ளகரத்தை ஒட்டி உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ளகரம் என்று விதி போட்டோம். அப்புறம் ஒரு வட்டார வழக்குக் கதை வந்தது. அதில் 'வெளக்கு' எல்லாம் 'வௌக்கு' ஆகி அச்சுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. இது எந்த விதிக்கும் அடங்காது. சொல்லைச் சொல்லித்தான் எச்சரிக்க வேண்டும்.

இந்தச் சொற்களைப் பிடிப்பதில் நோட்டை அடிக்க ஆளில்லை. எங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பிழை கண்ணில் பட்டதும் பேனாவால் எழுதிவிடுவார். 'வெளக்கு' முதலில் ஏறியது அந்த நோட்டில்தான். ஆனால் அதில் தேட முடியாது. விதியைத் திருத்திய பிறகும் பழைய எச்சரிக்கை அப்படியே கிடக்கும்.

பிடிஎஃப் கையேடு பார்க்க அழகாக இருந்தது. நான்கு வழிகளிலும் மோசமானது அதுதான் என்பேன். அதில் பாமினியில் எழுதிய 'த', யூனிகோடில் எழுதிய 'த' இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. எது எது என்று காட்டுவதற்காக எழுதிய கையேடே வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. மேப் மாறும்போதெல்லாம் கையேட்டையும் மாற்ற யாருக்கும் கை வரவில்லை. இரண்டாவது மாதத்திலேயே பொய் சொல்லத் தொடங்கிவிட்டது.

ஆன்லைன் ஷீட்டில் அட்டவணை நன்றாக நிற்கும், பலர் சேர்ந்து திருத்தலாம். ஆனால் சமக்குறியில் தொடங்கும் கட்டத்தைக் கணக்குச் சூத்திரம் என்று எடுத்துக்கொள்ளும், தொடக்கத்தில் வரும் ஒற்றை மேற்கோளை விழுங்கிவிடும். குறியீடுகளை உள்ளபடியே காட்ட வேண்டிய இடத்தில் இது ஆபத்து. எங்களுக்காக ஏற்காட்டில் வீட்டிலிருந்தே டைப் செய்யும் அக்காவுக்கு மழை பிடித்தால் நெட் போய்விடும், ஷீட்டும் போய்விடும். பென்டிரைவில் போட்ட ஃபைல் 20 கொண்டை ஊசி வளைவு ஏறியும் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது.

மேப் ஃபைலுக்குள்ளேயே எழுதுவதுதான் இப்போது எங்கள் வழி. அரைப்புள்ளிக்குப் பின் எழுதுவதெல்லாம் குறிப்பு. விதியைத் திருத்தும்போது அதன் தலைக்கு மேல் உள்ள குறிப்பும் கண்ணில் படாமல் போகாது. விதியின் நடுவில் இருபக்க அம்பு இருந்தால் பாமினியிலிருந்து யூனிகோடுக்குப் போகவும் திரும்பி வரவும் செல்லும், ஒருபக்கக் குறி இருந்தால் திரும்பாது. காலை ரகரமாக்கும் விதியில் ஒருபக்கக் குறிதான் போட்டிருக்கிறோம், அதுவே பாதி விளக்கம். ஒரு குறை உண்டு. மேப்பைக் கருவி படிக்கும் வடிவுக்குத் தொகுத்து (கம்பைல் செய்து) எடுக்கும் ஃபைலில் குறிப்புகள் இருக்காது. அதனால் தொகுத்ததை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை, மூலத்தையும் சேர்த்தே கொடுக்கிறோம். குறியீட்டைக் கண்டு மிரளும் ஆபரேட்டருக்கு முதல் வாரம் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும், அதையும் மறைக்க மாட்டேன்.

நோட்டை விட்டுவிடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐயா எழுதிய சொற்களை மேப்பில் உரிய விதியின் மேல் ஏற்றிவிட்டு நோட்டில் கோடு போட்டுவிடுவேன். அதே சொற்களை ஒரு சோதனைப் பக்கத்திலும் சேர்ப்பேன். மேப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் முதலில் அந்தப் பக்கத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஏறியது 'ஸ்ரீ'. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று மற்றதைக் காட்டாது. கோயில் நோட்டீஸ் முதல் வரியே இதில்தான் தொடங்குகிறது. நாங்கள் ஸகரத்தை வைத்துக்கொண்டோம், எங்களிடம் ஏற்கெனவே மாற்றி வைத்த ஃபைல் அத்தனையும் அப்படி இருப்பதால். வெளியிலிருந்து வந்த ஃபைலில் தேடும்போது இரண்டையும் தேட வேண்டும் என்பதையும் அந்த விதிக்கு மேலேயே எழுதியிருக்கிறோம்.