லோடு (கருவி இழுக்கும் கரண்ட்) ஏறினால் 5 வோல்ட் இறங்குகிறதா? பிரீசெட்டைத் திருகுவதா, வயரை மாற்றுவதா?

எல்எம்2596 பக் மாடியூலில் (வோல்டேஜை இறக்கித் தரும் சிறு சர்க்யூட்; அதன் அவுட்புட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுதான் பிரீசெட்) 5 வோல்ட் வைத்து ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டை ஓட்டுபவர்களுக்கு வரும் குழப்பம் இது. முதலில் லோடு ஓடும்போதே இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்: மாடியூலின் அவுட்புட் முனை, போர்டின் முனை. மாடியூலிலேயே இறங்கினால் இந்த இரண்டு வழியும் உதவாது. இன்புட் 7 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா, சிப் கொதிக்கிறதா என்று பாருங்கள். போர்டில் மட்டும் இறங்கினால் கோளாறு வயரில்தான்.

24 கேஜ் செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். ஒரு மீட்டர் தூரம் என்றால் போக வர 2 மீட்டர். 2 ஆம்பியரில் 0.34 வோல்ட் வயரிலேயே போய்விடும். போர்டுக்கு வருவது 4.66. பை குறை வோல்டேஜ் எச்சரிக்கை காட்டுவது 4.63-ல்!

செலவு: பிரீசெட்டுக்கு ஒன்றுமில்லை. வயருக்குக் கொஞ்சம் காசு.

நிலைப்பு: பிரீசெட்டை 5.34-க்குக் கூட்டினால், லோடு இல்லாதபோது அந்த 5.34 முழுசாகப் போர்டில் ஏறும். தடிமனான 18 கேஜ் வயரில் இழப்பு 0.08 வோல்ட்தான்.

வேலை: திருகுவது ஒரு நிமிடம். வயருக்குச் சால்டரிங் வேண்டும். மெல்லிய ஜம்பர் வயர் கனெக்டரை அப்படியே விட்டால் பயனில்லை.

எல்இடி பட்டை போல ஒரே அளவு கரண்ட் இழுப்பவற்றுக்குப் பிரீசெட் போதும். பை, மோடம் போல ஏறி இறங்குபவற்றுக்கு வயரைத்தான் மாற்ற வேண்டும்.